கையைப் பார்க்காதே, என்னைப் பார்

படம் எடுப்பதற்காக ஒரு மனிதனைச் சாக விட்டாள் என்கிறீர்களே, அவன் சாகவில்லை. முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஃபெர்ரான் போன ஞாயிற்றுக்கிழமைகூட பாராசூட் திடலில் இருக்கும் எங்கள் கேண்டீனுக்கு வந்தான். ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு தட்டு பருப்பு சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு உப்பு குறைவு என்றான். செத்தவன் உப்பு பார்ப்பதில்லை.

அடுத்தது, அவள் அன்று குடித்திருந்தாள் என்பது. அன்று காலை அவளுக்குக் காபி ஊற்றியவள் நான். அதில் பால்தான் இருந்தது. மீன்கடைப் பக்கம் வேறொரு கதை ஓடுகிறது. அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஏதோ இருந்ததாம், அவன் மாட்டேன் என்று சொன்னானாம், அந்தக் கோபத்தில் செய்தாளாம். இதைக் கட்டிவிட்டவர்கள் மிரேயாவோடு ஒரு வேளை சோறு தின்றதில்லை. கோபம் வந்தால் அவள் அடுப்படித் தரையைத் தேய்ப்பாள். நான்கு வருஷம், கேண்டீனுக்கு மேலே என் வீட்டு மாடியில் இருந்தவள். ஒரு தட்டைக்கூட வேண்டுமென்று உடைத்ததில்லை.

அவள்மேல் தப்பே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. தப்பு இருக்கிறது. நீங்கள் சொல்லும் தப்பு அது இல்லை, அவ்வளவுதான். செய்யாததற்கு ஒருத்தியைத் திட்டிக்கொண்டே இருந்தால், செய்தது அவளுக்குள்ளேயே கிடந்து ஊறும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறவள் கொஞ்சம் வேகமாக எழுதட்டும்.

மிரேயா இந்தக் கடலோரத்தில் பிறந்தவள் இல்லை. மேற்கே மலையடிவாரம். ஃபிகேரஸில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம், முதல் நற்கருணை, பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்து எடுக்கும் படம், அந்த மாதிரி. ஒரு வசந்த காலத்தில், கல்யாணம் முடிந்த கையோடு விமானத்திலிருந்து குதிக்கப் போகிறோம் என்று ஒரு ஜோடி எங்கள் திடலுக்கு வந்தது. அவர்களைப் படம் எடுக்க வந்தவள்தான் இவள். ஒரு முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு புல்லில் மல்லாந்து படுத்துக்கிடந்தாள். சாயங்காலம் கேண்டீனில் உட்கார்ந்து, எடுத்ததைப் பார்த்துவிட்டு, என்னிடம் காட்டினாள். வானத்தில் இரண்டு ஈ.

“இதைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணுகிட்ட எப்படிக் கொடுக்கறது? இதுல எது மாப்பிள்ளை?” என்றாள்.

பக்கத்து மேசையில் ஒரியோல் இருந்தான். திடலில் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறவன் அவன்தான், யார் ஏறலாம் யார் ஏறக்கூடாது என்று சொல்கிறவனும் அவன்தான். “கிட்டப் போய் எடுக்கணும்” என்றான். எவ்வளவு கிட்ட என்று கேட்டாள். அவன் மேலே விரலைக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து பேர் கொடுத்துவிட்டாள்.

குதிக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போலத்தான் பயந்தாள், எல்லோரையும் போலத்தான் மறுபடி போனாள். கஷ்டம் அதற்கு அப்புறம் வந்தது. இருநூறு முறை குதிக்காமல் கேமராவைத் தொடக்கூடாது என்று திடலில் விதி. படம் எடுக்கத்தான் வந்தேன், கேமராவையே கொடுக்கமாட்டேன் என்றால் எப்படி என்று ஒரியோலோடு தினம் மல்லுக்கட்டினாள். அவன் மசியவில்லை. கேமரா தலையில் ஏறியதும் மனுஷனுக்கு வேறெதுவும் தெரியாது, முதலில் வேறெல்லாம் உடம்புக்குத் தெரியட்டும் என்பான்.

இருநூறும் முடிந்தது. கேமரா ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்தது. கையால் அதைத் தொட முடியாது, கை பறப்பதற்கு வேண்டும். அதனால் பொத்தான் வாய்க்குள் இருக்கும். ஒரு ஒயர் கன்னத்தோரமாக வந்து பல்லுக்கு நடுவே முடியும், நாக்கால் அழுத்தினால் படம் விழும். என் அடுப்படியில் அவள் பழகினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன், இவள் தலையில் அந்தக் கனத்தோடு என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். மூக்கு எங்கே திரும்புகிறதோ படம் அங்கே விழும். பேசினாலும் விழும். ஒருநாள் ஏதோ கேட்டதற்குப் பதில் சொன்னாள், என் முழங்கை அறுபது படம் விழுந்துவிட்டது. கழுத்துவலிக்கு நான்தான் சூடான துணி வைத்துவிடுவேன்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை முதல்முறை செய்தாலும், சாயங்காலம் எல்லோருக்கும் ஒரு பெட்டி பீர். வாங்கி வைத்தால் மட்டும் போதாது. எழுந்து நின்று, எதை முதல்முறை செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை யாரும் மூடியைத் திறக்கமாட்டார்கள். ஜோடி மாறிய காலணியோடு குதித்தவன் அதையும் எழுந்து நின்று சொல்லியிருக்கிறான். மிரேயா முதல் கேமராவுக்கு வாங்கினாள். முதல் நல்ல படத்துக்கு வாங்கினாள். வாய்க்குள் பொத்தான் இருப்பதை மறந்து முழுக் குதிப்பும் பாட்டுப் பாடியதற்கும் வாங்கினாள்.

அதற்குப் பிறகு இறக்கை உடுப்பு. கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி, இரண்டு காலுக்கும் நடுவே துணி, காற்று புகுந்ததும் மெத்தை மாதிரி விறைத்து நிற்கும். அதைப் போட்டால் கீழே விழுவது குறையும், முன்னே போவது கூடும். மற்றவர்கள் ஒரு நிமிஷத்தில் இறங்குகிற உயரத்தை இவர்கள் அதைப்போல இரண்டரை மடங்கு நேரம் பறந்து இறங்குவார்கள், அதுவும் ஆற்றைத் தாண்டி, தோட்டங்களைத் தாண்டி. வடகாற்று அடிக்கும் நாட்களில் விமானம் ஏறாது. அப்போதெல்லாம் ஒரியோல் கேண்டீனில் இரண்டு மேசையைச் சேர்த்துப்போட்டு அவளைக் குப்புறப் படுக்கவைப்பான். கையை விரி, மடக்கு, பின்னால் கொண்டுபோ, இழு. அதே மேசையின் மறுகோடியில் விமானி பட்டாணியும் கணவாயும் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். “உன் கையை என் தட்டுல விடாதே, தாயே” என்பான்.

உடுப்பு பழகியதும் அவளுக்குத் தான் எதற்காகப் பிறந்தோம் என்று தெரிந்துவிட்டது. குதிக்கிறவனைப் படம் எடுப்பது ஓட்டமாக ஓடி எடுப்பது. பறக்கிறவனைப் படம் எடுப்பது அப்படி இல்லை. அவனுக்குக் கீழே போய், மல்லாந்து பறந்து, அவன் முகத்தை நேராகப் பார்க்கலாம். அவன் தலைக்குப் பின்னால் கனிகோ மலையின் பனி, அதற்கு மேலே சூரியன். ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டாள். தூரதேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் அவளிடம் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். அவளுக்கு முகம்தான் வேண்டும். எத்தனை இறக்கை இருந்தாலும் முகம் தெரியாவிட்டால் அது துணி பறக்கிற படம் என்பாள்.

இப்போது ஃபெர்ரானுக்கு வருகிறேன்.

சதுக்கத்து ரொட்டிக்கடைத் தெக்லாவின் மகன் அவன். விடியும் முன்பே மாவு பிசைந்துவிட்டு, மதியத்துக்கு மேல் திடலுக்கு வந்துவிடுவான். இறக்கை உடுப்பு போட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான். போன அக்டோபரில் ஒருநாள், காற்று அடங்கி, மலை பக்கத்தில் வந்து நிற்பது மாதிரித் தெளிவாக இருந்தது. என்னையும் ஒரு படம் எடு என்று மிரேயாவிடம் வந்தான். அம்மாவின் பிறந்தநாளுக்குக் கடையில் மாட்டவேண்டும் என்றான்.

அவனுடைய ஹெல்மெட் முகத்தை முழுக்க மூடுவது. முன்னால் கறுப்புக் கண்ணாடி. அதைப் படம் எடுத்தால் வானமும் கேமராவும்தான் அதில் தெரியும், அவன் தெரியமாட்டான். மிரேயா தன்னுடைய பழைய திறந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் தன்னுடையதைக் கழற்றிக் கேண்டீன் ஆணியில் மாட்டினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

அந்த ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டுக்குள், காதோரம், ஒரு தீப்பெட்டி அளவில் ஒன்று செருகியிருந்தது. கூவும் பெட்டி. பறக்கும்போது தரை நெருங்க நெருங்க அது காதில் கூவும். முதலில் ஒருமுறை, தயாராகு என்று. பிறகு, பாராசூட்டைத் திற என்று. கடைசியில் விடாமல் அலறும். எல்லோரும் கையில் உயரம் காட்டும் கடிகாரமும் கட்டியிருப்பார்கள். ஆனால் பழகப் பழகக் காதைத்தான் நம்புவார்கள். அந்தப் பெட்டியைக் கழற்றி இந்த ஹெல்மெட்டில் செருகக் கொஞ்ச நேரம்கூட ஆகாது. அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவள் அவனுடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று.

அதோடு நின்றிருந்தால்கூட அவன் கடிகாரத்தைப் பார்த்திருப்பான். புதியவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கையைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் படம் கெட்டுவிடும். விமானம் ஏறும்போது அவன் காதருகே குனிந்து அவள் சொன்னாள்: “சும்மா சும்மா கையைப் பார்க்காதே. என்னைப் பாரு. நான் கையாட்டினா நல்லாச் சிரி.”

விமானத்துக்குள் எஞ்சின் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

மேலே நடந்ததை அவள் என்னிடம் சொன்னது டிசம்பரில், பாத்திரம் கழுவிக்கொண்டே. அவன் அழகாகப் பறந்தான் என்றாள். புதியவன் மாதிரியே இல்லை, முகத்தில் மாவு பூசின மாதிரி வெளிச்சம் என்றாள். அவள் காதில் அவளுடைய பெட்டி முதல்முறை கூவியது. அவனுக்கும் கூவியிருக்கும் என்று நினைத்தாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று இரண்டு படம் எடுத்தாள். மறுபடி கூவியது. அவன் அசையவில்லை. அப்போதுதான் அவன் தலையில் இருப்பது யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. உடனே தள்ளிப் போய், திற, திற என்று கையை வீசினாள்.

அவன் சிரித்தான்.

இன்னும் வேகமாக வீசினாள். இன்னும் பெரிதாகச் சிரித்தான்.

வாய்க்குள் பொத்தான் இருந்தது அல்லவா, கத்தினபோது நாக்கு பட்டு அந்தச் சிரிப்பும் படமாக விழுந்துவிட்டது. திடலில் யாரோ கேமராவிலிருந்து எடுத்து ஃபோனில் அனுப்ப, அதைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அவன் விழுந்துகொண்டிருந்தான், இவள் எடுத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்கிறீர்களே, அந்தப் படம்தான்.

கீழே ஆப்பிள் தோட்டத்தின் மேல் ஆலங்கட்டி மழைக்காகக் கட்டிய வலை வெள்ளையாகத் தெரிந்ததும் அவனே சுதாரித்துத் திறந்துவிட்டான். பாராசூட் முறுக்கிக்கொண்டு விரிந்தது. முறுக்கைப் பிரிக்க உயரம் இல்லை. நான் அடுப்படி வாசலில் நின்று பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் துணி ஒன்று சுற்றிக்கொண்டே தோட்டத்துக்குப் பின்னால் இறங்கியது மட்டும் தெரிந்தது. வலைதான் அவனைப் பிடித்தது. கம்பங்கள் ஒடிந்தன, அவன் இடுப்பும் தொடையும் ஒடிந்தன. உயிர் இருந்தது.

அன்று சாயங்காலம் மிரேயா கேண்டீனுக்கு வந்து, ஆணியிலிருந்து அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிட்டாள். அதற்கப்புறம் குளிர்காலம் முழுக்க அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஒரியோல் ஜிரோனா ஆஸ்பத்திரிக்குப் போய் ஃபெர்ரானிடம் என்ன நடந்தது என்று கேட்டான். கடிகாரத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று ஃபெர்ரான் சொல்லிவிட்டான். தோட்டத்தில் கிடந்த ஹெல்மெட் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. மிரேயாவிடம் கேட்டார்கள். அவள் வாயைத் திறக்கும் முன்பே, அவன் எல்லாம் சொல்லிவிட்டான், நீ மனசை விட்டுவிடாதே என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டல்தான் அவளைக் கொன்றது. அடித்திருந்தால் தாங்கியிருப்பாள்.

மறுநாளே அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் சொல்லிவிடுகிறேன், ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் என்றாள். ஃபெர்ரான் படுக்கையிலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொன்னாள்:

“நீ சொன்னா நான் என்ன ஆவேன்? கடிகாரத்தைத் தப்பாப் படிச்சவனை மறுபடி மேல ஏத்துவாங்க. தன் தலையில என்ன மாட்டியிருக்குன்னே தெரியாதவனை எவன் ஏத்துவான்? வாயை மூடிக்கிட்டு இரு. இது எனக்கு நீ செய்யற உபகாரம்.”

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தன் சாமானைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். அவள் சொன்னால் பாதி அவமானம் அவனுக்கு. சொல்லாவிட்டால் முழுப்பாரமும் அவளுக்கு.

கேமராவைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு எனக்குப் பாத்திரம் கழுவ வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. காற்று அடிக்காத நாட்களில் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய், கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுத் தைத்தாள். தோட்டக்காரர் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. விரலெல்லாம் வெடித்துப்போய் வரும். யாரோடு பேசினாலும் அவர்கள் கடிகாரம் கட்டும் மணிக்கட்டைத்தான் பார்ப்பாள். இதற்குள் தெக்லா ரொட்டிக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் மகன் விழும்போது ஒருத்தி படம் எடுத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பெற்றவள், சொல்லத்தான் சொல்வாள். வரிசையில் நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி உப்பு போட்டார்கள். குடியும் காதலும் அப்படி வந்தவைதான்.

“அவனே வேண்டாங்கறான். நீ யாருக்காகச் சொல்லப் போற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்காகத்தான், அத்தை. அதான் அசிங்கமா இருக்கு.”

“அப்ப சொல்லாதே. பருப்பைக் கிளறு, அடிப்பிடிக்குது.”

நான் அப்படித்தான் சொன்னேன், இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். உண்மை பேசுகிறேன் என்று கிளம்பி ஒரு வீட்டில் அடுப்பு எரியவிடாமல் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்ச்சில் ஃபெர்ரான் ஊன்றுகோலோடு திடலுக்கு வந்தான். முதல்முறை படம் எடுத்துக்கொண்டதற்கு அவன் தரவேண்டிய பீர் அப்படியே நின்றுபோயிருந்தது. அதைக் கொடுக்கத்தான் வந்தான். மதியமே பெட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

அன்று மதியம்தான் அது நடந்தது. வடக்கேயிருந்து, மிரேயா மாதிரியே பறந்து படம் எடுக்கிற ஒரு படக்காரன் வந்திருந்தான். அவனோடு புதிதாக இறக்கை உடுப்பு பழகுகிற ஒரு பெண். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஃபெர்ரான் சிரிக்கிற படத்தை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறக்கிறவர்கள் நடுவே அந்தப் படம் அவ்வளவு பேர் வாங்கியிருந்தது, மிரேயாவுக்குத்தான் தெரியாது. எனக்கும் இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். அப்படியென்றால் முகத்தை மூடும் உன் ஹெல்மெட்டைக் கழற்று, என்னுடைய திறந்ததைப் போட்டுக்கொள் என்றான் படக்காரன். அவள் கழற்றி, அதே ஆணியில் மாட்டப் போனாள்.

மிரேயா தொட்டியடியில் நின்றிருந்தாள். சோப்புக் கையோடு வந்து அந்தப் பெண்ணின் ஹெல்மெட்டைப் பிடுங்கினாள். உள்ளே விரலை விட்டுக் கூவும் பெட்டியை உருவி, திறந்த ஹெல்மெட்டில் செருகினாள். சோப்பில் வழுக்கி இரண்டு முறை கீழே விழுந்தது. இதை மாற்றாமல் போகாதே, கையைப் பார்க்காமல் பறக்காதே, யார் என்ன சொன்னாலும் பார் என்றாள். அந்தப் பெண் பயந்துபோய்ச் சரி சரி என்றாள். படக்காரன் சிரித்தான். பாத்திரம் கழுவுகிறவள் நமக்குப் பாடம் எடுக்கிறாளே என்று நினைத்திருப்பான். அந்தப் படத்தை எடுத்தவள் அவள்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

அவள் திரும்பி வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். ஃபெர்ரான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “முதல்முறையா உயரத்தைத் தப்பாப் படிச்சேன்” என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மூடிகூடத் திறந்தாயிற்று.

மிரேயா மாடிக்குப் போய் அவன் ஹெல்மெட்டை எடுத்து வந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்தாள்.

“நானும் ஒரு பெட்டி தரணும்” என்றாள். “முதல்முறையா ஒருத்தனோட ஹெல்மெட்டை மாத்திவிட்டேன். அவனோட கூவும் பெட்டி இதுக்குள்ளயே இருந்துச்சு. கையைப் பார்க்காதே, என்னைப் பாருன்னு சொன்னேன். நான் கையாட்டினா சிரின்னு சொன்னேன். அபாயம்னு கையாட்டினேன். சிரிச்சான். அவன் எதையும் தப்பாப் படிக்கலை. அவனைப் படிக்கவே விடலை நான்.”

ஒரியோல் ஹெல்மெட்டை எடுத்து உள்ளே பார்த்தான், பெட்டியை எடுத்தான், திருப்பி வைத்தான். ஃபெர்ரானைப் பார்த்தான். ஃபெர்ரான் தன் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கெடுத்திட்டியே” என்றான் ஃபெர்ரான். அவ்வளவுதான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பீர்ப் பெட்டியில் மிச்சமிருந்ததை யாரும் தொடவில்லை.

ஒரியோல் இரண்டு பேருக்கும் ஒரே நியாயம் வைத்தான். இந்தப் பருவம் முடியும்வரை அவளுக்குக் கேமரா கிடையாது. கால் சரியானாலும், முதலிலிருந்து பாடம் படித்த பிறகுதான் அவனுக்கு இறக்கை உடுப்பு. பயந்தது போலவேதான் ஆயிற்று அவனுக்கு.

மறுநாள் காலை, கைமுட்டிவரை மாவோடு தெக்லா என் அடுப்படிக்குள் வந்தாள். மிரேயா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நான் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

“நீ கையாட்டினது அவனைக் காப்பாத்தறதுக்கா?” என்றாள் தெக்லா.

“ஆமா.”

“நான் ஊர் பூரா வேற மாதிரி சொல்லிட்டேன்.”

“முதல்ல கூவினப்பவே அவனைப் போகச் சொல்லியிருக்கணும்” என்றாள் மிரேயா. “அதுக்கப்புறம் ரெண்டு படம் எடுத்தேன். அது மட்டும் நீங்க சொன்னது சரி.”

தெக்லா கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கையிலிருந்த மாவை உருட்டி உருட்டி உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் உன்னை நம்பினான்” என்றாள்.

“தெரியும்.”

“எனக்கு உன்னைப் பார்க்க முடியலை. நல்லவளா இருந்தாலும் முடியலை. என் கடைப்பக்கம் வராதே, பொண்ணே.”

சொல்லிவிட்டுப் போனாள். போனபிறகு மிரேயா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முந்தின நாள் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டுத் தின்றாள். நான் இன்னொரு தக்காளியை நகர்த்தி வைத்தேன்.

அதோடு அவள் மனசு சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று அவளும்தான் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. ஃபெர்ரானுக்கு இரண்டு தடவை ஆள் விட்டாள், அவன் வரவில்லை. என்னிடம் சாப்பிட வருகிறவன் அவள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவான். அவன் இடுப்பையும் ஒடித்தேன், அவன் சொன்ன பொய்யையும் ஒடித்தேன் என்று ஒருநாள் சொன்னாள். அவனுக்கு அவன் இடம் திரும்பவேண்டுமென்றால் நான் இங்கே இருக்கக்கூடாது, அவன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் என்னைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்றாள். அவன் பழகிக்கொள்வான் என்றேன். எனக்காக அவன் ஏன் பழகிக்கொள்ளணும் என்று கேட்டாள். நான் அரைநாள் சண்டை போட்டேன்.

கடலை விட்டு உள்ளே தள்ளி, யேய்தா சமவெளிப் பக்கம், ஒரு சின்னத் திடல் இருக்கிறது. அங்கே பாராசூட் மடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். இவள் ஃபோனில் பேசினாள், நான் பக்கத்தில் இருந்தேன். பேரைச் சொன்ன உடனே, அந்தப் பக்கம் கேட்கும் முன்பே, ஹெல்மெட் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுவிட்டு, கேமரா இல்லாமல் வருவதென்றால் வா என்றார்கள்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை கிளம்பினாள். முதுகில் பாராசூட் பை, கையில் ஒரு துணிப்பை. வழியில் தின்ன முட்டை ஆம்லெட்டை ரொட்டிக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். கனமாக இருக்கிறது என்றாள். பாராசூட்டைத் தூக்குகிறாய், ஆம்லெட் கனக்கிறதா என்றேன். வாங்கிக்கொண்டாள். கேமரா அலமாரியில்தான் இருக்கிறது, தூசு மட்டும் தட்டிவிடு அத்தை, திறந்து பார்க்காதே என்றாள்.

“ஃபெர்ரான் உனக்குச் சேதி சொன்னா?” என்றேன்.

“சொல்லமாட்டான்.”

“சொன்னா?”

“சொன்னா, எடுத்துச் சொல்லு, எங்க இருக்கேன்னு.”

குளிர்காலம் முழுக்கப் பின்சந்து வழியாகவே போய் வந்தவள், அன்று முன்கதவைத் திறந்தாள். பேருந்துக்குச் சதுக்கத்தின் வழியாகப் போனால்தான் கிட்டம். அது தெக்லாவின் கடையைத் தாண்டிப் போகிற வழி. கடைக்கு வராதே என்றுதான் சொன்னாள், தெருவில் நடக்காதே என்று சொல்லவில்லை என்றாள் மிரேயா. காலை நேரம், கடை வாசலில் ரொட்டிக்கு வரிசை நின்றிருந்தது, நீங்களெல்லாம் நின்றிருந்தீர்கள். வாசற்படி இறங்கி, நடுத்தெருவில் நடந்து போனாள்.